இதயக் கதவு சுருங்கிய கதை



போன வாரம் இரவு சாப்பிட்டு முடித்த நேரத்தில் ஒரு போன். 1990களில் என்னிடம் படித்தவர், இப்போது கரும்புப் பயிர் வைத்திருக்கிறார். "சார், பையனுக்கு மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு ரெண்டு வருஷமா போட்டுக்கிட்டு வர்றோம். இப்ப நல்லா ஓடுறான், ஆடுறான், ஒரு குறையும் இல்ல. ஊசின்னாலே அழுவுறான். நிறுத்திடலாமா சார்?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, கரும்பலகை முன்னால் காலம் கழித்தவன். "டாக்டரைக் கேக்காம நிறுத்தாதப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த ஊசிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. அதில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் தவறு. 1987-ஆம் ஆண்டு. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, நன்றாகப் படிக்கிற பெண். அந்த வருடம் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபின் ஒரு நாள் முழங்கால் வலி என்றாள். இரண்டு நாள் கழித்து முழங்கால் சரியாகிவிட்டது, கணுக்கால் வலி என்றாள். அடுத்த வாரம் மணிக்கட்டு. வலி இப்படி ஊர் ஊராகப் போகுமா? விளையாட்டுப் பாடவேளைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நினைத்தேன். மற்றப் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். பாதியில் மூச்சிரைத்து உட்கார்ந்தாள். அதற்கும் திட்டினேன்.

எட்டு வருடம் கழித்து அவளுடைய அப்பாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "பொண்ணு ஆறு மாசம் முழுகாம இருக்கு வாத்தியாரே. படுத்தா மூச்சு விட முடியல. நெஞ்சுல ஏதோ கதவு சுருங்கிப் போச்சாம். சின்ன வயசுல மூட்டு மூட்டா வலி வந்துதான்னு டாக்டரு கேட்டாரு" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கதவின் கதைதான் இது.

உடம்புக்குள் எத்தனையோ குழாய்களும் வாசல்களும் இருக்கின்றன. உணவுக்குழாய், மூச்சுக்குழாய், சிறுநீர்ப் பாதை, இரத்தக்குழாய், முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை. இவற்றில் எது அளவுக்கு மீறிக் குறுகினாலும் மருத்துவர்கள் 'ஸ்டெனோசிஸ்' என்கிறார்கள். குறுகல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டு ஏழைப் பிள்ளைகளை அதிகம் வாட்டிய குறுகல், இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள ஈரிதழ் வால்வில் வருவது. அதற்கு மிட்ரல் வால்வு என்றும் பெயர். ஆயர் திருப்பலிக்கு வரும்போது தலையில் கூம்பாக ஒன்று அணிந்திருப்பாரே, அதற்கு ஆங்கிலத்தில் மைட்டர் என்று பெயர். இரண்டு இதழும் சேர்ந்து அந்தத் தொப்பியைப்போல இருப்பதால் வந்த பெயர்.

நுரையீரலில் சுத்தமான இரத்தம் இந்த வாசல் வழியாகத்தான் இதயத்தின் பெரிய அறைக்குள் இறங்குகிறது. பெரியவர்களுக்கு நன்றாக இருக்கும் வாசலின் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். கணக்குப் பாடத்து வரைபடத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள், நான்கு முதல் ஆறு பெரிய கட்டம். நோய் முற்றினால் அது ஒரு கட்டமாகவும், அதற்கும் கீழாகவும் சுருங்கிவிடும்.

சுருங்கினால் என்ன ஆகும்? நம் ஊருக்கு மேலே தென்பெண்ணையில் சாத்தனூர் அணை இருக்கிறது. ஷட்டர் முழுதாகத் திறக்காமல் ஒரு சாண் மட்டும் திறந்தால் கீழே ஆறு வற்றும், பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அதேபோல உடம்புக்குப் போகும் இரத்தம் குறைகிறது, நுரையீரலில் இரத்தம் தேங்குகிறது. நடந்தால் மூச்சிரைப்பு, பிறகு படுத்தாலே மூச்சுமுட்டல், இருமினால் சில சமயம் சளியில் இரத்தம். காசநோய் என்று நினைத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு. தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். கருவுற்ற பெண்ணுக்கு உடம்பில் இரத்தத்தின் அளவே ஏறத்தாழ பாதி கூடிவிடும். அதுவரை வெளியே தெரியாமல் இருந்த சுருக்கம் அந்த மாதங்களில்தான் ஆளைக் கீழே தள்ளும். என் மாணவிக்கு நடந்தது அதுதான்.

இந்தச் சத்தத்தைக் காதால் கேட்கும் வழி 1816-இல் பிறந்தது. பாரிஸ் நகரத்தில் லேனெக் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு அப்படித்தான். அதன் பிறகு சுருங்கிய வால்வின் உறுமலை மருத்துவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். கேட்கத்தான் முடிந்தது, திறக்க முடியவில்லை. இதயத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பதுதான் அக்கால நம்பிக்கை. 1902-இல் லண்டனில் லாடர் பிரண்டன் என்ற மருத்துவர், சுருங்கிய வால்வை அறுத்துத் திறந்து பார்க்கலாமே என்று எழுதினார். கடும் கண்டனம்தான் கிடைத்தது.

1923 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்பவர் துணிந்தார். பள்ளி வயதுச் சிறுமி ஒருத்தியின் இதயத்துக்குள் சிறு கத்தியைச் செலுத்தி வால்வைக் கீறினார். அவள் பிழைத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தாள். ஆனால் அடுத்தடுத்து அறுவை செய்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். சில ஆண்டுகளில் அவரும் நிறுத்திவிட்டார்.

1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் வேறு வழி கண்டார். கத்தி வேண்டாம், விரல் போதும் என்றார். இதயத்தின் மேல் அறையில் காது மடல்போல ஒரு சிறு பை இருக்கிறது. அதில் துளையிட்டு, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு வால்வைத் தொட்டு விரித்தார். பெண் பிழைத்தாள். ஆனாலும் அதன் பிறகு ஒரு நோயாளியைக்கூட எந்த மருத்துவரும் அவரிடம் அனுப்பவில்லை. சரியான வழியைக் கண்டவருக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் சும்மா இருந்தது.

இரண்டாம் உலகப் போர் அந்தப் பயத்தைப் போக்கியது. டுவைட் ஹார்க்கன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் 134 வீரர்களின் இதயத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பாய்ந்திருந்த குண்டுச் சில்லுகளை எடுத்தார். ஒருவர்கூடச் சாகவில்லை. இதயம் தொடக்கூடாத உறுப்பு என்ற எண்ணம் உடைந்தது.

அடுத்து சார்லஸ் பெய்லி. இவருடைய தந்தை இதே வால்வுச் சுருக்கத்தால் இரத்தம் கக்கி இறந்ததைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர். பிலடெல்பியாவில் இவர் செய்த முதல் அறுவைகள் எல்லாம் தோல்வி. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1948 ஜூன் 10 அன்று ஒரு பெண்ணுக்கு வெற்றி கிடைத்தது. ஆறு நாள் கழித்து பாஸ்டனில் ஹார்க்கனும், அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ரஸ்ஸல் பிராக்கும் வெற்றி கண்டார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருவண்ணாமலை போய், போளூர் வழியாக பஸ் பிடித்தால் வேலூர். பெரிய நோய் என்றால் நம் ஊர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகும் ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அங்கே பெரிதாக வளர்ந்திருந்தது. 1940களின் இறுதியில் பாஸ்டனிலிருந்து ரீவ் பெட்ஸ் என்ற நெஞ்சு அறுவை மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். இந்தியாவில் நெஞ்சு அறுவைக்கென ஒரு துறையை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவரிடம் பயின்ற கோபிநாத் 1960களின் தொடக்கத்தில் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையை அங்கேயே செய்து காட்டினார்.

ஆனால் ஏழைகளைக் காப்பாற்றியது அதைவிட எளிமையான, மூடிய முறை. இதயத்தை நிறுத்த வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். இடது மார்பின் ஓரம் கீறி, ஒரு விரலை மேல் அறை வழியாக வால்வுக்கு அனுப்ப வேண்டும். இதயத்தின் அடி நுனி வழியாக டப்ஸ் விரிப்பான் என்ற கருவியைச் செலுத்தி, அந்த விரலையே வழிகாட்டியாகக் கொண்டு விரிக்க வேண்டும். சூட்டர் அன்று நம்பிய விரல்தான் இங்கேயும் கண்ணாக இருந்தது. வேலூரில் ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே அடுத்தடுத்து இந்த அறுவை செய்துகொண்ட 3,724 பேரின் கணக்கு அதில் இருக்கிறது. உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கணக்கு அது. 3,724 பேர் என்றால் நம் பக்கத்து நடுத்தரமான கிராமம் ஒன்றின் மொத்த மக்கள்.

ஏன் இங்கே இத்தனை பேர்? மேல்நாட்டில் இந்தச் சுருக்கம் பெரும்பாலும் நடுவயதில் வெளிப்படுவது. நம் நாட்டில் இருபது வயது ஆகும் முன்பே வால்வு சுருங்கிப்போன பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சுஜாய் ராயும் இராமலிங்கசுவாமியும் பிறரும் இதை 1963-இல் லான்செட் இதழில் எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள்.

காரணம் தொண்டையில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒரு வகைக் கிருமி 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் கொடுக்கும். வலி போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் படை, ஆள் மாறித் தன் உடம்பையே தாக்கும். பெரிய மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலிக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுக்கு வந்தது விருந்தாளிபோலப் போய்விடும். இதயத்துக்குப் போனது குடியேறிவிடும். வால்வு புண்ணாகி, ஆறும்போது இதழ்களின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மறுபடி தொண்டைவலி வந்தால் மறுபடி தாக்குதல், மறுபடி தழும்பு. அப்படித்தான் வாசல் சுருங்குகிறது.

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில் இந்தக் கிருமி சுலபமாகப் பரவும். மேல்நாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பே இந்த நோய் குறையத் தொடங்கியதற்கு, வீடு பெரிதானதும் நெரிசல் குறைந்ததும் முக்கியமான காரணங்கள். நம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள், கரும்புச் சோகை போட்ட சிறு குடிசைகளில் பிள்ளைகளோடு தங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். இந்த நோயின் வரலாற்றில் பாதி அந்தக் குடிசைக்குள் இருக்கிறது.

பிறகு பலூன் வந்தது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1982-இல் தொடங்கி, 1984-இல் உலகுக்கு அறிவித்தார். தொடைப் பக்கத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்கு ஏற்றி, வால்வின் நடுவே பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முறை. மார்பில் தழும்பு இல்லை, சில நாளில் வீடு. 1985-இல் பலூன் முறை பற்றி வெளிவந்த ஒரு முக்கியமான கட்டுரை டெல்லியில் சிகிச்சை பெற்ற சிறுவர்களையும் இளைஞர்களையும் பற்றியது. 1991-இல் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் 40 நோயாளிகளை வைத்துப் பலூனையும் மூடிய அறுவையையும் ஒப்பிட்டார்கள். பலூன் அறுவைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. இந்த நோய்க்கான வைத்தியம் கற்க உலகம் நம் நாட்டுக்கு வந்தது. பெருமைதான். ஆனால் நம்மிடம் அத்தனை நோயாளிகள் இருந்ததால்தான் வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது அந்த ஊசிக்கு வருகிறேன். 1928-இல் பிளெமிங் பென்சிலினைக் கண்டார். புனே அருகே பிம்ப்ரியில் இந்திய அரசின் தொழிற்சாலை 1950களின் நடுவில் பென்சிலின் தயாரிக்கத் தொடங்கியது. அதே பத்தாண்டில் பென்சத்தீன் பென்சிலின் என்ற வகை புழக்கத்துக்கு வந்தது. தசையில் போட்டால் மெதுவாகக் கரைந்து வாரக்கணக்கில் காவல் இருக்கும். ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 21 நாளைக்கு ஒரு முறை இதைப் போட்டு வந்தால், மறுபடி தொண்டையில் அந்தக் கிருமி தங்காது. கிருமி தங்காவிட்டால் மறு தாக்குதல் இல்லை. மறு தாக்குதல் இல்லாவிட்டால் வால்வில் புதுத் தழும்பு விழாது. எத்தனை ஆண்டு போட வேண்டும் என்பதை எக்கோ பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். இதயம் தொடப்படாத பிள்ளைக்கும் பல ஆண்டுகள், வால்வு பாதித்தவருக்கு இன்னும் நெடுங்காலம்.

ஊசி வலிக்கும், உண்மைதான். பிள்ளை ஓடியாடுவதால் நோய் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் இந்தச் சுருக்கம் சத்தமில்லாமல் பல ஆண்டு நடப்பது. ஓடியாடும் காலத்தில்தான் ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வயல் காயாததால் மடை தேவையில்லை என்று யாராவது அடைப்பார்களா?

மறுநாள் காலையில் அந்த மாணவருக்கு நானே போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தேதியைக் காலண்டர்ல குறிச்சு வச்சிடுறேன் சார்" என்றார். அது போதும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாத் தொண்டைவலியும் இதயத்துக்குப் போவதில்லை, பெரும்பாலானவை தானே சரியாகும். ஆனால் காய்ச்சலுக்குப் பின் ஒரு பிள்ளைக்கு மூட்டுவலி இடம் மாறி இடம் மாறி வந்தால் அது நடிப்பு இல்லை. நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணலாகி, கையும் முகமும் தானாகத் துடித்தாலும் அது குறும்பு இல்லை. இந்த நோயின் இன்னொரு முகம் அது. பெற்றோர் கவனிக்கும் முன்பே நம் கண்ணில்தான் படும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு 2013 முதல் பிள்ளைகளிடம் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் சந்தேகமான பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துங்கள். அவர்கள் வர நாளானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

என் மாணவியைப் பற்றி முடிக்கவில்லையே. 1995-இல் கர்ப்பத்தோடேயே மூடிய முறையில் அறுவை செய்தார்கள். யாரோ ஒரு மருத்துவரின் விரல் அவளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அவர் இந்தப் பதிவைப் படிப்பார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேணாம்" என்றார். மைதானத்தில் ஓடவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்று சிரித்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 21 நாள் ஊசி போடும் பிள்ளை இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
மூங்கில்துறைப்பட்டு.